பேத்தி என்னைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறாள்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொண்டது.

உன் மகள் பிரசவத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறாளாம். "பாட்டி எல்லாரையும் வீட்டில்தானே பெற்றாள்" என்று என்னையும் சாட்சிக்கு இழுக்கிறாளாம். உன் அண்ணி சொன்னாள். போனில் பேசினால் பாதியில் குரல் கம்மிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் பிரசவம் 1956-ல், மன்னார்குடிப் பக்கம் என் அம்மா வீட்டில். டவுனில் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. ஆனால் உயிர் ஊசலாடினால்தான் வண்டி கட்டுவார்கள். வலி எடுத்ததும் சீரகக் கஷாயம் கொடுத்தார்கள். சூட்டு வலியானால் அடங்கிவிடும், பிள்ளை வலியானால் கூடும். கூடியது. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய இருட்டறையில் வைக்கோலைப் பரப்பி, மேலே பழம்புடவை. காத்து கருப்பு அண்டக்கூடாது என்று ஜன்னலையும் அடைத்துவிட்டார்கள். உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது, பிடித்துக்கொள்ள. ஆம்பிளைகள் திண்ணையோடு சரி. உன் அப்பா ஊரிலேயே இல்லை.

மருத்துவச்சிக் கிழவியை நான் குறை சொல்லமாட்டேன். வயிற்றைத் தடவிப் பார்த்தே பிள்ளை குறுக்கே கிடக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கொஞ்சம் நெல்லும் ஒரு பழைய புடவையும். நஞ்சுக்கொடி விழத் தாமதமானது. என் பின்னலையே என் வாயில் திணித்து ஓங்கரிக்க வைத்தாள். விழுந்தது. அப்புறம் அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்து, சாம்பலைத் தடவினாள்.

உன் பெரியண்ணனுக்கு முன்னால் ஒருவன் இருந்தான் என்பது உனக்குத் தெரியும். எப்படிப் போனான் என்று நான் சொன்னதில்லை. ஒரு வாரம்கூட ஆகவில்லை, பால் குடிக்கமாட்டேன் என்றான். வாய் கிட்டிக்கொண்டது, தொட்டாலே உடம்பு விறைத்து முதுகு வில்லாக வளைந்தது. பட்சி தோஷம் என்று மந்திரிக்கத் தூக்கிப் போனார்கள். அது தோஷமில்லை, அறுத்த இடத்தில் ஏறிய ரணஜன்னி, இப்போது டெட்டனஸ் என்கிறார்களே அது என்று எனக்குப் பிற்பாடு ஒரு நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும். அந்தக் காலத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 140-க்கு மேல் முதல் வயதைத் தாண்டவில்லையாம். எல்லாம் சுகப்பிரசவம் என்று பெருமை பேசுகிறவர்கள் இவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்த முறை நான் அடம்பிடித்து அந்த நர்ஸம்மாவையே வரவழைத்தேன். கத்தரிக்கோலையும் நூலையும் எங்கள் ரசப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தாள். அதன் பிறகு என் அம்மா அந்தப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றவே இல்லை, மாட்டுக்குத் தவிடு கரைக்கக் கொடுத்துவிட்டாள்! உன் அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பச்சைக்குழந்தைக்கு வரும் அந்த ரணஜன்னி இந்தியாவில் ஒழிந்ததாக அறிவித்தது 2015-ல்தான். கர்ப்பிணிக்குப் போடுகிற தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்து செய்த வேலை அது. உன் மகள் அந்த ஊசி போட்டுக்கொண்டாளா, கேள்.

உன்னை நான் வீட்டில் பெறவே இல்லை, இதையும் அவளிடம் சொல். 1965-ல் ஆஸ்பத்திரியில் பிறந்தாய். பிள்ளை நல்லபடியாக வந்த பிறகு எனக்கு உதிரம் நிற்கவில்லை. ஒரு ஊசி போட்டு, வயிற்றை அமுக்கிப் பிடித்து நிறுத்தினார்கள். என் சின்ன அத்தை அதே மாதிரி உதிரப்போக்கில் போய்ச்சேர்ந்தாள். அவளுக்கும் பிரசவம் லேசாகத்தான் இருந்தது, கால்மணி நேரம் முன்புவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாளாம்.

ஆனால் பேத்தி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டில் என் அம்மா பின்னாலிருந்து தோளைத் தாங்கிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தேன், கத்தினால் அதட்டினார்கள். அந்தத் தனிமைக்குத்தான் அவள் பயப்படுகிறாள் என்று நினைக்கிறேன். இப்போது அரசு ஆஸ்பத்திரியிலேயே துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்கிறார்கள். அப்படி விடுகிற இடமாகப் பார்த்துச் சேருங்கள், நீ உள்ளே போ. மாப்பிள்ளையையும் விடுவார்களென்றால் அவரும் போகட்டும், ஒன்றும் கெட்டுவிடாது.

பிறந்த பிறகு பத்தியம் என்று யாராவது அவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைத்தால் கேட்காதே. எனக்கு அப்படித்தான் வைத்தார்கள், நாக்கு ஒட்டிப்போய்க் கிடந்தேன். வெந்நீர் வேண்டிய மட்டும் கொடு. பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் குழம்பு வை. லேகியம் நானே கிளறி அனுப்புகிறேன், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கொடு. உங்கள் ஊரில் கண்டதிப்பிலி நல்லதாகக் கிடைக்காது, இங்கேயே வாங்கிவிட்டேன். தேதி எப்போது என்று மட்டும் உடனே சொல்.

அம்மா