பெட்ரோமாக்ஸில் எரிந்த சீரியம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த அருமண் உலோகக் (rare earth எனும் தனிமக் கூட்டம்) கட்டுரை படித்தேன். மின்சார கார், காற்றாலை, நியோடிமியம் காந்தம், சீனா எல்லாம் சரி. ஆனால் அந்தக் கூட்டத்திலேயே பூமியில் அதிகம் கிடைக்கிற சீரியத்துக்கு ஒரே ஒரு வரியா? நேற்று முளைத்த சரக்கு போல எழுதியதுதான் உறுத்தியது. செட்டிநாட்டுக் கல்யாண ஊர்வலங்களில் அது எப்போதோ எரிந்துவிட்டது.

பெட்ரோமாக்ஸ் விளக்கில் சுடர் பட்டு ஒளிரும் வலையான மேன்டிலைச் சொல்கிறேன். நாங்கள் லைட் வாடகைக்கு விட்ட குடும்பம். புது மேன்டில் துணிப்பை மாதிரித் துவளும். முதல் தடவை பற்றவைத்ததும் நூல் கருகி, வெள்ளைக் கூடு மட்டும் நிற்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். அந்தக் கூட்டில் நூற்றுக்கு 99 பங்கு தோரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. சீரியம் இல்லாவிட்டால் வெளிச்சம் மங்கல். அளவு மிஞ்சினாலும் மங்கல்தான். இந்தப் பக்குவத்தை 1891-இல் பிடித்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். கனிமத்திலிருந்து தோரியம் எடுத்தபின் மலையாகக் குவிந்த, சீரியம் நிறைந்த மிச்சத்தையும் அவர் விடவில்லை. 1903-இல் இரும்போடு கலந்து லைட்டர் கல்லாக்கினார். மேன்டிலுக்குத் தோரியம் தேடித்தான் 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கடற்கரையில் தோரியமும் சீரியமும் அடங்கிய மோனசைட் மணலைக் கண்டார். கன்னியாகுமரிப் பக்கத்து மணவாளக்குறிச்சி மணலுக்கு மவுசு வந்தது அப்படித்தான்.

சீரியத்தை 1803-இல் ஸ்வீடனில் பெர்சீலியசும் ஹிசிங்கரும், ஜெர்மனியில் கிளாப்ரோத்தும் தனித்தனியே கண்டறிந்தார்கள். அணு எண் 58. கத்தியால் வெட்டலாம், அவ்வளவு மெத்து; காற்றுப் பட்டால் பளபளப்பு போய்விடும். உலோகமாகப் பிரித்தெடுக்க 1875 வரை ஆயிற்று. உருக்கிய குளோரைடில் மின்சாரம் செலுத்தித்தான் முடிந்தது. இதெல்லாம் மின்வேதியியல். அதற்கென்றே அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுத்து உருவான சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) காரைக்குடியில் இருக்கிறது. உங்கள் நிருபர் அங்கே ஒரு நடை போய்க் கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. பழம்பொருள் கடைகளில் பெட்ரோமாக்ஸ் வாங்கி அலங்காரத்துக்கு ஏற்றுபவர்கள் இப்போது அதிகம். கூடவே வரும் பழைய மேன்டிலில் இருக்கும் தோரியம் கதிரியக்கம் உள்ளது. உதிர்ந்த தூளை வாயால் ஊதித் தள்ளாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இப்போது தோரியம் இல்லாமல் இட்ரியம் என்ற வேறு உலோகம் சேர்த்த மேன்டில்கள் கிடைக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி