மோரும் புரோபயாடிக்கும் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். புரோபயாடிக் பற்றி உங்கள் மருத்துவப் பக்கம் "மோர் குடியுங்கள், போதும்" என்று முடிக்கிறது; அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று. ஆன்டிபயாடிக்கோடு ஒரு புரோபயாடிக் மாத்திரையும், அதாவது நன்மை செய்யும் உயிருள்ள பாக்டீரியா அடங்கிய மாத்திரையும், எழுதித் தந்தார்கள். இது எதற்கு என்று மருந்துக்கடையில் கேட்டால், "வயிறு கெடாம இருக்கும்மா". அவ்வளவுதான் பதில். மருந்துக்கு அசையாத கிருமி குடலில் தங்கியிருந்தால் அதை இது விரட்டுமா என்று தேடிப் படித்தேன்.

தாய்லாந்தின் சோங்க்லாவில் நடந்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளை தினம் ஆயிரம் கோடி வீதம் 30 நாள் கொடுத்ததில், மலத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற, தொற்று உண்டாக்கக்கூடிய கிருமி 96 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது அது வேலை செய்யும் விதம்தான்: கிருமியைக் கொல்வதில்லை, அவை தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் சைகையை மறித்துவிடுகிறது, அப்புறம் அவற்றால் குடலில் நிலைக்க முடிவதில்லை. ஜப்பான்காரர்கள் நாட்டோ என்ற சோயா உணவைப் புளிக்கவைப்பதும் இந்த இனத்தை வைத்துத்தான். நம் மோரில் இருப்பது வேறு வகை பாக்டீரியா.

அதற்காக எல்லா மாத்திரையும் நல்லது என்றில்லை. 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வில், ஆன்டிபயாடிக் முடித்தபின் 11 வகை கலந்த புரோபயாடிக் எடுத்தவர்களுக்குச் சொந்தக் குடல் பாக்டீரியா திரும்பவே மாதக்கணக்கில் தாமதமானது.

எனவே உங்கள் மருத்துவப் பக்கத்தில் மோரோடு முடிக்காமல் எந்த வகை, எதற்கு என்றும் எழுதுங்கள். அப்பாவின் மாத்திரை அட்டையில் பாக்டீரியாவின் பெயரைப் படிக்க எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

ஒரு வாசகி, திண்டுக்கல்