ஷேக்கிளும் உன்னிடம் இருக்கும் ரீமரும்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வேலை, உடம்பு என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம், நீ நம்ப மாட்டாய். கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய்: "நீயே செய்த ஷேக்கிள் எப்படி இருக்கிறது?" வண்டியின் பின் பட்டைக் கட்டு, அந்த ஸ்பிரிங்கின் நுனியைச் சேஸிஸோடு சேர்க்கும் தகடுகளைத்தான் கேட்கிறாய். அந்த வரிக்கு ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குச் சோம்பல்பட்டே கடிதத்தை மேசை டிராயரில் போட்டு வைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமையோடு பொய்க்குத் தேவை இல்லாமல் போய்விட்டது.

முதலில் மற்றதை முடித்துவிடுகிறேன். வீட்டில் எல்லாரும் நலம். என் முழங்கால் பழையபடிதான், வண்டிக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்க இரண்டு தவணை ஆகிறது. உன் பெண்ணுக்கு வேலை கிடைத்தது பெரிய சந்தோஷம், அவளிடம் சொல். நீ அனுப்பிய புகைப்படத்தில் உன் தலையைத் தேடினேன், முடி என்று எதுவும் தென்படவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய ஷேக்கிள் தகடுகளில் ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்துவிட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா? மாற்று வாங்கிப் பார்த்தேன். பெட்டியில் நம் வண்டியின் பெயர்தான் இருந்தது. ஆனால் ஒரு ஓட்டைக்கும் இன்னொரு ஓட்டைக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் கூடுதல், போல்ட் போட்டால் கொலுசு மாதிரி ஆடுகிறது. அன்றைக்கே முடிவு செய்தேன், நாமே செய்துவிடலாம் என்று. நீ இந்த இடத்தில் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரி.

அந்தப் பத்து நாள் எனக்கு இருபது வயது குறைந்தது போல இருந்தது. அட்டையில் வடிவம் வெட்டி, பட்டைக் கட்டின் கண்ணில், அதாவது போல்ட் நுழையும் வளையத்தில், வைத்துப் பார்த்து, வெர்னியரில் மூன்று முறை அளந்து வரைந்தேன். 10 மில்லிமீட்டர் தகடு, 50 அகலம், 20-க்கு போல்ட். கணக்கும் போட்டேன், உன்னிடம் கற்றதுதான். பின் ஆக்சிலில் 2 டன் என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 1 டன். அதில் பாதி முன் கண்ணுக்கு, பாதி ஷேக்கிளுக்கு, ஆக 500 கிலோ. குழியில் விழுந்து குதிப்பதற்கு மூன்று மடங்கு சேர்த்தால் 1,500 கிலோ, அதாவது சுமார் 15,000 நியூட்டன். போல்ட் இரண்டு இடத்தில் வெட்டுப்பட வேண்டும் என்பதால் தாங்கும் பரப்பு 628 சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 24 நியூட்டன்தான் வருகிறது. 8.8 தரப் போல்ட் அதைப்போல 15 மடங்கு தாங்கும். தகட்டில் ஓட்டை போக மிச்சம் இருக்கும் இடத்திலும் 25 தான், சாதா இரும்பே 250 வரை வளையாமல் நிற்கும். இதில் யானையைக் கட்டலாம் என்று தோன்றியது. உனக்கு வரைபடம் அனுப்பினேன், "கணக்கு சரி" என்று பதில் போட்டாய்.

ஆனால் அந்தப் படத்தில் ஒன்றை நான் வரையவில்லை, மாப்பிள்ளை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பழைய ஷேக்கிளில் இரண்டு தகடும் தனித்தனி. மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட், அவ்வளவுதான். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது. நடுவில் ஒரு குழாயை வைத்து இரண்டு தகட்டையும் வெல்டு செய்து ஒன்றாக்கினால் ஆடாமல் அசையாமல் நிற்குமே என்று நினைத்தேன். இலட்சக்கணக்கில் செய்து தள்ளுகிறவன் அந்த வெல்டை ஏன் வைக்கவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய் என்று மட்டும் தெரிந்திருந்தது, அதனால் கேட்கவில்லை. நாற்பது வருட நட்பில் உன்னிடம் நான் மறைத்தது இரண்டே விஷயம், இது இரண்டாவது.

வெல்டிங் கதையைக் கேள். 7018 வெல்டிங் ராடு வாங்கி, ஈரம் இல்லாமல் காயவைத்து, ஒழுங்காகத்தான் செய்தேன். குழாய் மட்டும் துத்தநாகப் பூச்சு போட்டது. பூச்சைச் சுரண்டாமல் கதவையும் சாத்திக்கொண்டு வெல்டு வைத்தேன். அன்று ராத்திரி குளிர் ஜுரம், பல்லெல்லாம் தந்தி அடித்தது. துத்தநாகப் புகையை இழுத்தால் அப்படித்தான் வருமாம். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல எழுந்தேன். வீட்டில் விழுந்த திட்டுக்கு மட்டும் அப்படி மறுநாள் இல்லை. இன்னொரு கோமாளித்தனமும் உண்டு: வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஷேக்கிள் போல்ட்டை முறுக்கிவிட்டேன். போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டது. கீழே இறக்கியதும் முழுக்க முறுக்கிக்கொண்டு நின்று, இரண்டே மாதத்தில் கிழிந்தது. எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவசரம்.

ஏழு மாதம் ஓடியது. போன ஞாயிறு கிரீஸ் வைக்க அடியில் படுத்தேன். வெல்டின் ஓரத்தில், பெயின்ட்டின் மேல், சிலந்தி நூல் மாதிரி ஒரு செங்கோடு. விரலால் துடைத்தேன், துரு. துடைத்த பிறகும் கோடு அங்கேயே இருந்தது.

கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, சிவப்புச் சாய டெஸ்ட் செய்தேன். சாயத்தை அடித்துவிட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, சுத்தமாகத் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தால் விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் சாயம் வெளியே கசியும். பொடி காயக் காய சிவப்புக் கோடு தானாகவே வரைந்துகொண்டு போகிறது. நான் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு எங்கே நிற்கும் என்று பார்க்கிறேன். 22 மில்லிமீட்டர். தகட்டின் அகலமே 50.

வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து உடைத்தேன். விரிசல் விட்ட பகுதி வழவழவென்று, சிப்பி ஓட்டின் மேல் இருக்குமே வரி வரியாக, அதுபோல. ஆரம்பித்த இடம் துருவேறிக் கறுத்திருக்கிறது, பழையது. நான் அடித்து உடைத்த பகுதி மட்டும் பளபளவென்று பொடிமணலாக இருக்கிறது. எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் நடந்தது என்று புத்தகம் மாதிரி வாசிக்கலாம். தொடங்கிய இடம் வெல்டு இல்லை. வெல்டு கல்லுபோல இருக்கிறது. வெல்டு தகட்டைத் தொடும் அந்த விளிம்பு, அங்கேதான். "இரும்பு மூலையில்தான் சாகும்" என்று லேத்தடியில் நின்றுகொண்டு நீ சொல்வாய், நாங்கள் உன்னைக் கிண்டல் செய்வோம்.

இப்போது யோசித்தால் எல்லாம் விளங்குகிறது. என் கணக்கு மேலிருந்து கீழே வரும் பாரத்துக்கு மட்டும். வண்டி திரும்பும்போதும், ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போதும், கண் பக்கவாட்டில் முறுக்கும். பழைய ஷேக்கிளில் தகடுகள் தனித்தனியாக இருப்பதால் நாணல் மாதிரி கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டு நிமிரும். நான் அந்த நாணலின் இடுப்பில் ஒரு கம்பியைக் கட்டிவிட்டேன். வளைவெல்லாம் அந்த ஒரே விளிம்பில் வந்து குவிந்தது. ஒரு தடவை வளைவதில் ஒன்றும் ஆகாது, இலட்சம் தடவை என்றால் வேறு. 1842-இல் வெர்சாய் பக்கம் ரயில் இஞ்சினின் அச்சு முறிந்து ஏகப்பட்ட பேர் செத்தார்களே, அந்தக் காலத்தில் இரும்பு ஓடி ஓடி உள்ளுக்குள் படிகமாக மாறிவிடுகிறது என்றுதான் நம்பினார்கள். பிறகு வோலர் என்ற ஜெர்மன் எஞ்சினியர் அச்சுகளை வருடக்கணக்கில் சுழற்றிப் பார்த்து, தாங்கும் பலத்துக்குள் இருக்கும் பாரமே திரும்பத் திரும்ப வந்தால் முறிக்கும் என்று காட்டினார். நீ எனக்கு இதைச் சொன்ன நாள்கூட நினைவிருக்கிறது.

விரிசலைப் பார்த்ததும் என் முதல் புத்தி என்ன தெரியுமா? இன்னும் உசத்தி இரும்பு வாங்கலாம் என்பது. வெல்டு விளிம்பின் ஆயுளுக்கு இரும்பின் உசத்தி அநேகமாக உதவாது, எந்த இரும்பானாலும் அதே பாட்டுதான் என்று உன் பழைய நோட்டில் உன் கையெழுத்திலேயே இருந்தது. அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, தேடாதே.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அந்த வண்டியில் மலைப்பாதையில் போய் வந்தது என் பெண். பின்னால் இரண்டு குழந்தைகள். ஒரு தகடு போனால் மற்றது சிறிது தூரம் தாங்கும். அதுவும் போனால் பட்டையின் நுனி சேஸிஸில் முட்டி, ஆக்சில் கோணிக்கொண்டு வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் அது எந்தப் பக்கம் என்பதை நான் யோசிப்பதில்லை. ராத்திரியில் தானாக வருகிறது.

இதோடு போகவில்லை. ஒன்று வெட்டுவதும் இரண்டு வெட்டுவதும் ஒரே வேலைதானே என்று இரண்டு ஜோடி செய்திருந்தேன். இரண்டாவது ஜோடி யார் வண்டியில் என்று நினைக்கிறாய்? நம் கூட்டாளி 'அரை இஞ்ச்' வண்டியில். அவன் வண்டி கனமானது, அவன் ஏற்றும் பாரம் உனக்குத் தெரியும்.

ஞாயிறு சாயங்காலமே ஃபோன் செய்தேன். லோடோடு வெளியூர் போயிருந்தான். "சும்மா, அந்த ஷேக்கிளை ஒரு தடவை பார்த்துவிடு" என்றேன். விரிசல் என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "பாறை மாதிரி இருக்குடா, உன் வெல்டுக்கு முத்தம் கொடுக்கலாம்" என்றான். வைத்துவிட்டேன். அன்று தூங்கவில்லை. விடியற்காலை மறுபடி கூப்பிட்டு முழுவதையும் சொன்னேன், 22 மில்லிமீட்டர், பெண், குழந்தைகள், எல்லாம். அவன் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டான்: "நிஜமாவா?" "நிஜம்தான்" என்றேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். "சரி, இங்கேயே ஓரமா நிறுத்துறேன், லோடை வேற வண்டியில் மாத்துறேன்" என்று மட்டும் சொன்னான். திட்டியிருக்கலாம்.

அவனை முழுசாக நம்பவும் பயமாக இருக்கிறது. போன வருடம் மெயின் பட்டையில் விரிசல் விட்டபோது அதன் மேல் வெல்டு வைத்து ஓட்டப் பார்த்தவன் இவன். பட்டை இரும்பில் கார்பன் கிட்டத்தட்ட 0.6 சதவீதம். வெல்டு சூட்டில் பக்கத்து இடம் கண்ணாடி மாதிரி விறைத்து, முதல் குழியிலேயே டக்கென்று போகும் என்று தலையால் அடித்துக்கொண்டு தடுத்தேன். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டையும் காய்ச்சி வளைக்கப் பார்த்தான். காய்ச்சினால் அதற்குக் கொடுத்த பதம் எல்லாம் போய்விடும் என்று அவனுக்கு வகுப்பெடுத்தது நான்தான், அந்த வகுப்பை எடுத்துவிட்டு வந்து நான் செய்தது இது. யூ போல்ட்டும் பட்டையும் இனி கடையில்தான். ஸ்டியரிங் பக்கம் கையே வைப்பதில்லை, அதை நீ கேட்கவே வேண்டாம்.

ஷேக்கிள் தகடு மட்டும் மறுபடி செய்கிறேன். ரோஷம் என்று வைத்துக்கொள். இந்தத் தடவை குழாய் இல்லை, வெல்டு இல்லை. கேஸில் வெட்டவில்லை, ரம்பத்தில்தான் அறுத்தேன், தோள் இன்னும் வலிக்கிறது. தகடு உருட்டிய திசை நீளவாக்கில் வருகிறபடி பார்த்து அறுத்தேன். விளிம்பெல்லாம் அரம் போட்டு, நகத்தால் தடவினால் எங்கும் தட்டாதபடி உருட்டியிருக்கிறேன். கிரைண்டர் கோடுகள் குறுக்கே இருந்ததை நீளவாக்கில் தேய்த்து எடுத்தேன். போல்ட் 10.9 தரம், மரை தகட்டுக்குள் வராமல் வழுவழுப்பான உடல் மட்டும் வருகிற நீளம். லாக் நட்டு எல்லாம் புதிது. மொத்தம் எட்டுத் தகடு: என் வண்டிக்கு நான்கு, அவனுக்கு நான்கு.

எட்டிலும் ஓட்டையை 19.5-இல் நிறுத்தி வைத்திருக்கிறேன். போன தடவை டிரில் பிட்டையே 20-க்கு விட்டு, ஓட்டை கொஞ்சம் கோணலாகி, போல்ட் முதல் நாளிலிருந்தே லேசாக ஆடியது. இந்தத் தடவை ஓட்டையைத் துல்லியமாகச் சீவும் ரீமர் போட்டுத்தான் முடிப்பேன். அந்த 20 மில்லிமீட்டர் ரீமர் யாரிடம் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். "அடுத்த வாரம் தருகிறேன்" என்று சொல்லி எடுத்துப் போனபோது உன் பெண் பள்ளிக்கூடம் சேரவில்லை. இப்போது அவள் வேலைக்குப் போகிறாள்.

நாளை காலையில் ஜாக்கியும் கட்டைகளும் எடுத்துக்கொண்டு அரை இஞ்ச் நிறுத்தியிருக்கும் இடத்துக்குப் போகிறேன். என் வெல்டை என் கையாலேயே கழற்ற வேண்டும், இன்னொருவன் கழற்றக் கூடாது. கழற்றியதும் அதையும் சாயம் போட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை மில்லிமீட்டர் என்று உனக்கு எழுதுகிறேன். அவன் வண்டி அங்கே கட்டை மேல் நிற்கும், என் வண்டி இங்கே கட்டை மேல் நிற்கிறது. எத்தனை நாள் என்று அவன் கேட்டான். உன்னைக் கேட்கச் சொன்னேன், ஃபோன் வரும்.

ரீமரின் வாயில் துணி சுற்றி அனுப்பு. பதிலில் நீ என்ன வேண்டுமானாலும் திட்டலாம், இந்தத் தடவை முழுவதும் வாசிப்பேன்.

உன்,
கிரீஸ்

பி.கு.: முதல் விஷயம் என்ன என்று கேட்காதே. அது உன் சைக்கிள்.