சேவியருக்கு, வாட்ச் விஷயமாக

அன்புள்ள சேவியர்,

இங்கே எல்லோரும் நலம். செல்வி அக்கா முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாக்கர் இல்லாமல் நடக்கிறாள், உன்னை விசாரித்தாள். மதினியைக் கேட்டதாகச் சொல். மற்றதையெல்லாம் போனில் பேசிக்கொள்வோம். இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஜனவரியில் கொச்சியிலிருந்து செஷல்ஸுக்குப் பாய்மரப் படகில் மூன்று பேர், வழி முழுக்க ஜி.பி.எஸ். இல்லை, சூரியன் நட்சத்திர உயரத்தை அளக்கிற செக்ஸ்டன்ட்தான் என்று கில்பர்ட் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏறக்குறைய 1,500 கடல் மைல்! இந்த வயதில் இதைச் செய்ய உன்னால்தான் முடியும். ஆனால் அவன் கடைசியாகச் சொன்னது உறுத்துகிறது. ரேடியோ சிக்னல் பிடித்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் விலை உயர்ந்த வாட்சை மருமகன் துபாயிலிருந்து அனுப்புகிறானாமே? அது வந்துவிட்டால் நேரத்தைப் பற்றிக் கவலை இல்லை என்றாயாமே?

வேண்டாம்டா. அந்த வாட்ச் பிடிக்கும் சிக்னல் ஜப்பான், சீனா, அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி நிலையங்களிலிருந்து வருவது. இந்தியாவில் அப்படி ஒரு நிலையம் இல்லை. நீ போகிற கடலில் அதை நம்பவே முடியாது. சிக்னல் இல்லாதபோது அதுவும் சாதாரண குவார்ட்ஸ்தான், மாதத்துக்கு 15 செகண்ட் முன்னே பின்னே ஓடும். கேசியோவின் மலிவு வாட்சான எஃப்-91டபிள்யூவுக்கு அதே கணக்கு 30 செகண்ட். அந்த 15 செகண்டுக்காகவா அவ்வளவு காசு?

தீர்க்கரேகையை நேரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம், அந்தக் கணக்கு உனக்குத் தெரியாததில்லை. பூமி 4 செகண்டில் 1 நிமிடப் பாகை, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, சுற்றுகிறது. பூமத்திய ரேகைப் பக்கம் அது ஒரு முழுக் கடல் மைல். மாதம் 30 செகண்ட் தவறுகிற வாட்சை நீ திருத்தமே பார்க்காமல் கட்டிக்கொண்டு போனாலும், இரண்டு வாரத்தில் 14 செகண்ட், அதாவது மூன்றரை மைல். ஆடுகிற படகின் மேல்தட்டில் நின்று செக்ஸ்டன்டில் எடுக்கிற அளவிலேயே (சைட்) இரண்டு மூன்று மைல் போய்விடும். ஆகவே மலிவு வாட்ச் என்பது இங்கே பிரச்சினையே இல்லை. அது ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுகிறது என்று தெரியாமல் போவதுதான் பிரச்சினை.

கப்பலில் தினமும் குரோனோமீட்டர் எரர், அதாவது கப்பல் கடிகாரம் எத்தனை செகண்ட் தவறுகிறது என்று, எழுதினோமே, அதையேதான் சொல்கிறேன். இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் போடு. காலையில் ஒரே நேரத்தில் சரியான நேரத்தோடு ஒப்பிட்டு எத்தனை செகண்ட் வித்தியாசம் என்று எழுது. வாட்சைத் திருத்தாதே. ஒரு தடவை கிரீன்விச் நேரமான ஜி.எம்.டி.யில் 24 மணிக் கணக்கில் வைத்த பிறகு பொத்தானைத் தொடவே கூடாது. நாளுக்கு 0.4 செகண்ட் கூடுகிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டால், பதினாலாவது நாள் 5.6 செகண்ட் கழித்துக்கொள்வாய், அவ்வளவுதான். 1761-ல் தீர்க்கரேகை காண ஹாரிசன் செய்த கடிகாரம் ஜமைக்காவுக்குப் போனபோதும் இந்த நாள் வித்தியாசத்தை, அதாவது ரேட்டை, கணக்கில் சேர்த்துத்தான் பார்த்தார்கள்.

ஒப்பிட ஜி.பி.எஸ். கருவியை எடுத்தால் ஒன்று கவனி. ஜி.பி.எஸ்.ஸின் சொந்த நேரம் ஜி.எம்.டி.க்கு 18 செகண்ட் முன்னால் ஓடுகிறது. செயற்கைக்கோளிலிருந்து திருத்தம் வந்து சேர 12 நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். போட்டவுடன் காட்டுவதை நம்பாமல் கால் மணி நேரம் விட்டுப் பார். கடலில் சின்ன ஷார்ட்வேவ் ரேடியோ இருக்கட்டும். சீனாவின் பி.பி.எம். நேர சிக்னல் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் வரும்.

குவார்ட்ஸ் படிகம் செகண்டுக்கு 32,768 தடவை அதிர்வது. 25 டிகிரியை ஒட்டி அது சீராக இருக்கும், குளிர்ந்தாலும் சுட்டாலும் மெதுவாகும். அதனால் கையில் கட்டினால் ராத்திரியும் கழற்றாதே. உடம்புச் சூட்டில் ரேட் மாறாமல் நிற்கும். வெயிலில் சமையல் மேடைமேல் வைத்தாயோ, ஒரு மாதம் எழுதிய கணக்கு வீண்.

இனி எதை வாங்குவது? எஃப்-91டபிள்யூ ஆயிரம் ரூபாய்ச் சொச்சம்தான், பேட்டரி ஏழு வருடம். ஆனால் தண்ணீர் தெறித்தால் தாங்கும், அவ்வளவே. அதன் விளக்கும் ஓரத்தில் பச்சையாக மினுங்கும், இருட்டில் செகண்டைத் தேட வேண்டும். உனக்கு டபிள்யூ-800எச் என்பேன். 100 மீட்டர் தண்ணீர்க் காப்பு, பத்து வருட பேட்டரி, எண்கள் பெரிசு. உலகப் படம் போட்ட ஏஇ-1200 அழகுதான், ஆனால் முகப்பில் எல்லாவற்றையும் திணித்து எண்களைச் சின்னதாக்கிவிட்டார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வருகிற மாடல் எதையும் தொடாதே. அந்தி வெளிச்சத்தில் அதில் ஒன்றும் தெரியாது.

டபிள்யூ-800எச்சில் இரண்டு வாங்கு, அதோடு ஒரு எஃப்-91டபிள்யூ. இரண்டு மட்டும் இருந்து அவை முரண்பட்டால் எது தப்பு என்று தெரியாது. மூன்று இருந்தால் தெரியும். 1831-ல் பீகிள் கப்பல் 22 குரோனோமீட்டரோடு புறப்பட்டது. உனக்கு மூன்று போதும்.

போலராய்டு கூலிங் கிளாஸை சைட் எடுக்கும்போது கழற்று. அதன் வழியாகப் பார்த்தால் ஒரு கோணத்தில் வாட்சின் முகப்பு முழுக்கக் கறுத்துவிடும். செக்ஸ்டன்ட் அளவு எடுத்த அந்தக் கணத்தில் ‘மார்க்’ என்று குரல் வந்ததும் செகண்டை முதலில் படி, பிறகு நிமிடம், பிறகு மணி. ‘பத்து மைல் சேவியர்’ என்று இன்னொரு தடவை யாரும் கூப்பிடக் கூடாது!

இவ்வளவு நச்சரிப்பதற்குக் காரணம் மினிக்காய்த் தீவுக்கும் மாலத்தீவுக்கும் நடுவே நீ கடக்க வேண்டிய கடல்வழியான எட்டு டிகிரி கால்வாய். வடக்கே மினிக்காய்க்கு 1885-லிருந்து கலங்கரை விளக்கம் இருக்கிறது. தெற்கே மாலத்தீவின் வட அட்டோல்கள் (பவளத் தீவு வளையங்கள்) தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும். உச்சிவேளைச் சூரியனில் அட்சரேகை கிடைத்துவிடும், அதற்குச் செகண்ட் கணக்கு வேண்டாம். தீர்க்கரேகைக்கு வேண்டும். ஒரு நிமிடத்தைத் தவறாகப் படித்தால் 15 மைல். அட்டோலைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்துத் தென்மேற்கே திருப்புவாய், ராத்திரியில் பவளப்பாறைமேல் போய் ஏறுவாய். எனக்குத் தூக்கம் வராதது இதை நினைத்துத்தான்.

ஏதாவது ஆனால் ஜி.பி.எஸ். இருக்கிறதே என்பாய். 2017-ல் கருங்கடலில் இருபதுக்கு மேற்பட்ட கப்பல்களின் ஜி.பி.எஸ்., கரையில் உள்ள விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியதே! அபிலாஷ் டோமி ஜி.பி.எஸ். பார்க்காமல் உலகைச் சுற்றி 2023-ல் கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். அந்தத் துணிச்சல் உன்னிடமும் உண்டு. கூடவே எரர் புத்தகமும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று. சூரியன், நட்சத்திரங்கள் எந்த நேரத்தில் எங்கே என்று வருஷா வருஷம் வரும் நாட்டிகல் அல்மனாக் புத்தகத்தை வாங்கும்போது அட்டையில் வருஷத்தைப் பார். இப்போது டிசம்பர், கடையில் இந்த வருஷத்துப் பிரதியும் கிடக்கும். மூன்று வாட்சும் வந்து ஒரு வாரம் எழுதியதும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. ரேட்டை நானும் தனியாகப் போட்டுப் பார்க்கிறேன்.

உன்,
முருகேசன்