அடுப்பை எண்ணச் சொன்ன பாட்டிக்கும் மற்ற எல்லாருக்கும்

முகாமாக இருந்த பாடசாலை நேற்றுத்தான் காலியானது. கடைசிப் பாயைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். டித்வா புயல் இலங்கையை அடித்த நாட்களில் நம் தேயிலைத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நன்றி மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் நன்றி மேல் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பாட்டிக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டாம் நாள், நிவாரணப் பட்டியல் போட வந்த நாங்கள் ஆறு பேரும் வகுப்பறை வகுப்பறையாகப் போய் விபரம் எடுத்தோம். சமூக அபிவிருத்தி வேலையில் எனக்கு ஒன்பது வருஷம். ஆய்வுப் பயிற்சியும் எடுத்திருக்கிறோம். படிவம் ஒழுங்காகத்தான் இருந்தது, பதில்தான் வரவில்லை. மாத வருமானம் என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். குடும்பத் தலைவர் யார் என்றால், செத்துப்போன தாத்தாவின் பெயரைச் சொன்னார்கள்.

அடுத்த நாள் காலையில் பாட்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரலைப் படிவத்தின் மேல் வைத்து, "இத வாசிச்சுக் காட்டு புள்ள" என்றார். வாசித்தேன். கடைசிக் கேள்வி வரைக்கும் பேசாமல் கேட்டார்.

"வருமானம்னு கேட்டா யாரு சொல்லுவா? நிவாரணத்த வெட்டிருவாங்கன்னு பயம். போன மாசம் எத்தன பேர் விழுந்துச்சு, எத்தன அரைப் பேர்னு கேளு. அது எல்லாருக்கும் மனப்பாடம்."

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து வரவில்லை என்றால் அரைப் பேர். நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024இல் வர்த்தமானியில் வந்தது. 25 பேர் விழுந்த வீட்டுக்கும் 12 பேர் விழுந்த வீட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! நாங்கள் இரண்டையும் 'தோட்டத் தொழிலாளி' என்ற ஒரே கட்டத்தில் போட்டிருந்தோம்.

அப்புறம் பாட்டி சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. "குடும்பம் எத்தனன்னும் கேக்காத. எத்தன அடுப்பு எரியுதுன்னு கேளு."

லயத்தில் ஒரு வீடு என்றால் 10 அடிக்கு 12 அடி காம்பரா, ஒரே அறை. உள்ளே மகன் குடும்பம் சமைக்கிறது. இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், மூன்று கல்லை வைத்து வயதான தாய் தனியாகக் கஞ்சி காய்ச்சுகிறார். எங்கள் தாளில் அது ஒரு குடும்பம், ஒரு உலர் உணவுப் பொதி. அடுப்பை எண்ணத் தொடங்கியதும், விட்டுப்போனவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பாதிக்கு மேல் தனியாக இருக்கும் அம்மாமார்.

அன்று பொழுது சாயும் வரை பாட்டி எங்களோடு நடந்தார். அவரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்தான். கடைசியாக அவரிடமே கேட்டேன், உங்களுக்கு எத்தனை அடுப்பு பாட்டி என்று. "ஒண்ணு. மண்ணுக்குள்ள கெடக்கு" என்றார். எழுத முடியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "எழுது புள்ள, ஒண்ணுன்னு எழுது" என்று அவர்தான் பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தார்.

பாடசாலையைத் திறந்துவிட்ட அதிபர், இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் கர்ப்பிணிகளைப் பார்த்த குடும்ப நல உத்தியோகத்தர், மண் மூடிய ரோட்டில் அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து வந்த தம்பிமார், கரண்ட் இல்லாத நாளில் ஜெனரேட்டரைப் போட்டு போட்டோக்கொப்பி அடித்துத் தந்து காசு வாங்காத டவுன் கடைக்காரர், எல்லாருக்கும் கைகூப்புகிறேன். நிவாரணம் கேட்டு நாங்கள் எழுதிய கடிதத்தைச் சிங்களத்தில் எழுதித் தந்த பக்கத்துக் கிராமத்து ஆசிரியை அக்காவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேண்டியதை முதல் வரியிலேயே கேட்க வேண்டும் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நாங்கள் அதை மறந்து இரண்டு பக்கம் அழுது வைத்திருந்தோம். அவர் அதை அரைப் பக்கமாக்கி, எத்தனை அடுப்பு, நடக்க முடியாதவர் எத்தனை பேர் என்று மேலேயே எழுதினார். மறுநாளே லொறி வந்தது.

இனி எந்தப் படிவத்தையும் ஒரு இஸ்தோப்பில் உட்கார்ந்து வாசித்துக் காட்டாமல் நான் அச்சடிக்க மாட்டேன். இதைப் பாட்டியிடமும் சொல்லிவிட்டேன்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து மண்ணைப் பார்த்துச் சொல்லும் வரை மேல் லயத்துக்காரர்கள் கோயில் மண்டபத்தில்தான் இருப்பார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே முழுப் பட்டியலையும் சத்தமாக வாசிக்கப் போகிறோம். யாராவது விட்டுப்போயிருந்தால் அங்கேயே சேர்ப்போம். பிரதேச செயலகத்துக்கு அதற்குப் பிறகுதான் போகும்.