அபிஜானில் உன்னைக் கடித்த எறும்பு

கடம்புலியூர்

அன்புள்ள செல்வராஜ்,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. போன வாரம் மஞ்சக்குப்பம் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். முட்டிவலி தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை. குறையெல்லாம் உன்மேல்தான். போன் செய்தால் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாயாம். கொஞ்சம் இழுத்துப் பேசு.

இங்கே முந்திரிக் கொட்டை பொறுக்கும் வேலை முடியப் போகிறது. காய்ப்பு சுமார்தான். தானே புயல் 2011 டிசம்பர் கடைசியில் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக நட்டவை இப்போது நன்றாகப் படர்ந்து கிளையோடு கிளை முட்டுகின்றன. ஆனாலும் பண்ருட்டியில் உடைக்கிற கொட்டையில் பாதிக்கு மேல் உன்னைப் போன்றவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றி அனுப்புவதுதான் என்று வியாபாரிகள் சொல்கிறார்கள்.

சரி, எறும்புக்கு வருகிறேன். ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் இருக்கும் பாங்கோ காட்டில் சட்டைக்குள் புகுந்தது என்று அனுப்பிய படத்தைப் பெரிதாக்கியதுமே அடையாளம் தெரிந்துவிட்டது. இலையைச் சேர்த்துக் கூடு கட்டும் நம் முசுறுக்கு மிக நெருங்கிய சொந்தம் அது. இந்தப் பேரினத்தில் இன்று உயிரோடு இருப்பவை இரண்டே இனங்கள். இந்தியா தொடங்கி ஆஸ்திரேலியா வரை இருப்பது ஈகோஃபில்லா ஸ்மரக்டினா. ஆப்பிரிக்காவின் மழைக்காட்டிலும் கொக்கோ, முந்திரித் தோப்புகளிலும் இருப்பது ஈகோஃபில்லா லாஞ்சினோடா. நம் தோப்பு முசுறு இரண்டைப் பிடித்து, டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து அசைவு நின்றதும் லென்ஸுக்கு அடியில் வைத்து உன் படத்தோடு ஒப்பிட்டேன். (தயிருக்குப் பக்கத்தில் வைத்ததற்கு வீட்டில் கிடைத்த பேச்சைத் தனிக் கடிதமாக எழுதலாம்.) நிறம் கொஞ்சம் மாறுகிறது. உடம்பின் வார்ப்பு அதேதான்.

கொட்டிவிட்டது என்று எழுதியிருந்தாய். இதற்குக் கொடுக்கே கிடையாது. வயிற்று நுனியில் கொடுக்கு இருக்க வேண்டிய இடத்தில், சுற்றிலும் மயிர் வரிசை வைத்த சின்ன வட்டத் துளைதான் இருக்கிறது. தாடையால் தோலைக் கீறிப் பிடித்துக்கொண்டு, அந்தத் துளை வழியாகப் பார்மிக் அமிலத்தைக் காயத்தில் பீய்ச்சும். உனக்கு ராத்திரி வரை எரிந்தது அதனால்தான். தாடை இரண்டும் முக்கோணமாக அகன்று, உள்விளிம்பு முழுக்கப் பல் வைத்திருக்கும். நுனிப் பல் மட்டும் நீண்டு வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஏறிப் படியும். பிய்த்து எறிந்தாலும் தலை மட்டும் சட்டையில் தங்கிவிட்டது என்றாயே, அந்த நுனிப் பல்லின் வேலை அது.

ஒன்று கடித்ததும் கூட்டமே வந்தது ஏன் என்று கேட்டிருந்தாய். தாடையின் அடியில் தலைக்குள் ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வரும் வாசனை ஒரே பொருள் இல்லை, பல பொருள்களின் கலவை. பிராட்ஷா, பேக்கர், ஹவுஸ் என்ற மூவர் 1975இல் நேச்சர் இதழில் எழுதியது உன்னைக் கடித்த இந்த இனத்தைப் பற்றித்தான். முதலில் பரவுவது ஹெக்சனல் (hexanal) என்ற ஆல்டிஹைடு. அது பட்டதும் சுற்றியுள்ளவை விழித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடும். அடுத்து ஹெக்சனால் (hexanol) என்ற ஆல்கஹால், அது அவற்றைக் கடித்த இடத்துக்கு இழுக்கும். மெதுவாகப் பரவும் கனமான பொருள்கள் அந்த இடத்திலேயே தங்கி, வந்து சேர்ந்ததைக் கடிக்க வைக்கும். நீ தட்டிவிடத் தட்டிவிட நசுங்கிய தலைகளிலிருந்து இன்னும் அதிகமாகத்தான் வெளியே வந்திருக்கும்.

எனக்குப் பார்த்துத் தீராதது இடுப்புதான். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு கணு, ஒல்லியாக நீண்டு போகிறது. அந்தக் கணுவிலிருந்து வயிற்றை மேல்நோக்கித் தூக்கி, கிட்டத்தட்ட முதுகுக்கு மேல் கொண்டுவர முடியும். கிளையைத் தட்டியதும் எல்லாம் வாலைத் தூக்கி நிற்பது போலத் தெரிவது இதனால்தான். கூடு கட்டும்போது இதே இடுப்புக்கு இன்னொரு வேலை. இரண்டு இலைக்கு நடுவில் ஓர் எறும்புக்கு எட்டாத இடைவெளி இருந்தால், முன்னால் நிற்பதன் இடுப்பைப் பின்னால் நிற்பது தாடையால் கவ்வும். அதன் இடுப்பை அடுத்தது கவ்வும். அப்படியே சங்கிலியாக நீண்டு, இலையைப் பிடித்து எல்லாமாகப் பின்னுக்கு இழுக்கும். தோப்பில் ஒரு சங்கிலியை லென்ஸோடு கிட்டப் போய்ப் பார்த்தேன். கவ்விய தாடை அழுந்துகிறது, ஆனால் கவ்வப்பட்டது கொஞ்சமும் அசையவில்லை.

இப்படி இழுக்கும்போது வழுக்கும் இலையில் காலை எப்படி ஊன்றுகிறது? பாதத்தின் நுனியில் இரண்டு நகம், நடுவில் ஈரமான ஒரு மெத்தை. சொரசொரப்பான பட்டையில் நகம் பிடிக்கும். வழவழப்பில் மெத்தை விரியும். காலைத் தன் பக்கம் இழுக்கும்போது மெத்தை விரிந்து ஒட்டுகிறது, எதிர்ப்பக்கம் தள்ளினால் மடங்கிப் பிரிந்துகொள்கிறது. நம் பக்கத்து இனத்தில் ஒன்று கண்ணாடியில் தலைகீழாக நின்றபடி, தன் எடையைப் போல் 100 மடங்குக்கு மேலான எடையைத் தாடையில் தூக்கிக்கொண்டிருக்கும் படம் ஒன்று 2010இல் வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் எடுத்தது.

இலைகளை ஒட்டும் பட்டு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வளர்ந்த எறும்பிடம் பட்டு இல்லை. முற்றிய புழுவின் கீழுதட்டில்தான் பட்டுச் சுரப்பியின் வாய் திறக்கிறது. பெரிய வேலைக்காரி ஒருத்தி அந்தப் புழுவை நடுவில் கவ்விக் கொண்டுவந்து, இந்த இலையோரத்தில் ஒருமுறை, அந்த இலையோரத்தில் ஒருமுறை என்று அதன் தலையை ஒற்றுகிறாள். பசை டியூபைப் பிடித்து ஒட்டுகிற மாதிரிதான். புழு தன் பட்டை எல்லாம் கூட்டுக்கே கொடுத்துவிடுகிறது. பல எறும்பினங்களில் புழு தனக்கு ஒரு பட்டுறை பின்னிக்கொண்டு அதற்குள் கூட்டுப்புழுவாகும். முசுறில் அந்த உறை கிடையாது, வெற்றுடம்பாகவே கிடக்கும்.

இல்லாதது இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான எறும்புகளுக்கு மார்பின் பின்பக்க ஓரங்களில் கிருமியைத் தடுக்கும் நீரைச் சுரக்கும் சுரப்பி இருக்கும். இந்த இரண்டு முசுறிலும் அது இல்லை. மண்ணுக்குள் வாழாமல் காற்றோட்டமான இலைக்கூட்டில் இருப்பதால் தேவைப்படாமல் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், நீ படம் எடுத்ததெல்லாம் பெரிய வேலைக்காரிகள். 8 முதல் 10 மில்லிமீட்டர் இருப்பார்கள். இரை தேடுவது, சண்டை, கட்டுமானம் எல்லாம் இவர்கள் பொறுப்பு. இவர்களில் பாதி நீளமே உள்ள சின்னவர்கள் கூட்டுக்குள் குஞ்சுகளைக் கவனிப்பவர்கள், வெளியே அதிகம் வரமாட்டார்கள். இரண்டுக்கும் நடுத்தர அளவில் இருப்பவை மிகக் குறைவு. கென்யாவில் விக்டோரியா ஏரியின் மஃபங்கானோ தீவில், அழிந்துபோன ஒரு முசுறு இனத்தின் கூட்டமே கல்லாகிக் கிடைத்தது. வில்சனும் டெய்லரும் 1964இல் அதை அளந்து எழுதினார்கள். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுப் பழைய அந்தக் கல்லிலும் பெரியவர், சின்னவர் என்று இதே இரண்டு அளவுதான்.

பக்கத்துத் தோப்புக்காரர் கூடுகளைத் தீ வைத்துக் கொளுத்திவிட்டு, பூவைத் தேயிலைக்கொசு என்ற சாறுறிஞ்சிப் பூச்சி கருக்கிவிட்டது என்று மருந்துக்கு அலைகிறார். மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் பக்கம் முந்திரிப் பூச்சிகளுக்கு எதிராக இந்த எறும்பையே காவலுக்கு விடுகிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். "கொட்டை பொறுக்குற ஆளுங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அந்தக் கேள்வியும் நியாயம்தான், கடி வாங்கியவன் நீயே சொல்.

கடைசியாக ஒரு வேலை. உன் நான்காவது படத்தில் இலையோரமாக நிற்பதை மறுபடி பார். உணர்கொம்பு என்று நீ நினைக்கும் இரண்டும் தூக்கிப் பிடித்த முன்னங்கால்கள் போல எனக்குப் படுகிறது. கானா பக்கக் கொக்கோ மரங்களில் இந்த எறும்பைப் போலவே வேஷம் போடும் குதிக்கும் சிலந்தி ஒன்று உண்டு. படத்தைப் பெரிதாக்கிக் கால்களை எண்ணி, ஆறா எட்டா என்று எழுது. அசல் படம் இருந்தால் சுருக்காமல் அப்படியே அனுப்பு.

அன்புடன்,
குமரவேல்