திட்டுவதற்கு ஓர் ஆள்

திருவாரூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிடாமல் ஆறு பக்கம் பேனாவால் எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதியது என்று கையெழுத்தே சொல்கிறது. மூன்றாம் பக்கத்தில் பேனா மாறியிருக்கிறது, ஐந்தாம் பக்கத்தில் காப்பிக் கறை. மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

இங்கே பெரிதாகச் சேதி ஒன்றும் இல்லை. வீட்டில் மூட்டுவலி அப்படியேதான். தெற்கு வீதியில் நாம் கடன் சொல்லி டீ குடித்த கடையை இடித்துவிட்டார்கள், செல்போன் கடை வரப்போகிறதாம். நமது பாக்கி இரண்டு ரூபாய் சொச்சம் அதோடு தள்ளுபடி.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ரத்தப் புற்றுநோய்க்காக முதுகுத் தண்டில் ஊசி போடும்போது பேரன் உன் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்கிறான் என்றும், இதைக் கேட்ட பிறகும் நான் கோயிலுக்குப் போவேனா, போனால் அங்கே நின்று என்னதான் சொல்வேன் என்றும் கேட்டிருக்கிறாய். போன வருஷம்வரை பிரதோஷம் தவறாத ஆள் நீ. நான்தான் அரைகுறை. நீ நிறுத்திவிட்டாய், நான் போய்க்கொண்டிருக்கிறேன். வேடிக்கைதான்.

உன் உறவுக்காரர்கள் வந்து, "எல்லாம் முன்வினை" என்று சொல்லி, ஆப்பிள் பையை வைத்துவிட்டுப் போனதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. என்ன செய்தோம் என்று நினைவே இல்லாதவனுக்குக் கொடுப்பது எப்படித் தண்டனை ஆகும்? கணக்குப் புத்தகத்தைக் காட்டாமல் வட்டி மட்டும் கேட்கிற கடைக்காரனைக் கடவுள் என்கிறார்கள். "இது உனக்கு வந்த சோதனை" என்றாராமே இன்னொருவர். உன் பக்தியைச் சோதிக்க அவன் முதுகிலா குத்த வேண்டும்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மா இருபத்தெட்டு வயதில் தாலி இழந்தவள். "நான் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்" என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறாய். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் மூன்று பேரையும் கரையேற்றினாள். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும்போது அது ஊன்றுகோல். அதையே அடுத்தவன் அவளிடம் வந்து சொல்லியிருந்தால்? ஊழைப் பற்றி நம்மவர்கள் எவ்வளவோ எழுதிவைத்திருக்கிறார்கள். யார் யாரிடம் சொல்லலாம் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

உனக்கு நினைவிருக்கும், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் அலுவலகத்திலிருந்து எங்களை நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தேன். அந்த ஒரு மாவட்டத்திலேயே ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தன. மீன் வாங்கி விற்கும் பெண்கள் படகு வருவதற்காகக் கரையில் காத்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக் கடற்கரையில் வெளியூர்ப் பக்தர்கள் கூட்டம். கும்பிட வந்த இடத்திலேயே போனார்கள். இறந்தவர்களை எந்த மதம் என்று பார்க்காமல் புதைக்க நாகூர் தர்காவில் இடம் கொடுத்தார்கள். மூன்று சாமிகளும் அடுத்தடுத்து இருக்கும் கரை அது. அலை யாரையும் பார்த்து ஒதுங்கவில்லை.

அங்கே எனக்குக் காதில் விழுந்த பேச்சுகளில் தாங்க முடியாதது, "கடவுள் எங்களைக் காப்பாற்றினார்" என்பதுதான். சொன்னவர்களைக் குறை சொல்லவில்லை, பாவம், உயிர் மீண்ட வாய்க்கு வேறு என்ன வரும்? ஆனால் அதே பந்தலில் நாலடி தள்ளி, இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்ட ஒருத்தி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவர்களைக் காப்பாற்றியவர் அவள் பிள்ளைகளை என்ன செய்தார்? அன்றிலிருந்து எனக்கு நல்லது நடந்தால் "ஆண்டவன் புண்ணியம்" என்று சொல்வதை விட்டுவிட்டேன். வீட்டில் இது பெரிய சண்டை.

இன்னொரு விதமாகவும் யோசித்துப் பார்த்தேன். சுமத்ராவுக்குப் பக்கத்தில் பூமி அசைந்தது நமது கடிகாரத்தில் காலை ஆறரை மணிக்கு. அலை நம் கரைக்கு வரும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த நேரத்துக்குள் பிள்ளைகளை ஊருக்குள் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். சொல்ல ஆள் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது 2007இல். ஆக, செத்ததில் பாதிப் பழி மனிதர்கள் மேல்தான் என்று கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருந்தேன். நீதான் அப்போது மடக்கினாய்: "பூமியை அசைத்தது யார்?" என்று. அதற்கு அன்றைக்கும் பதில் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லப்போவதில்லை.

அப்புறம் அந்த மீனவர். பெயர் வேண்டாம். அன்று காலை அவர் கடலில் இருந்தார். ஆழத்தில் அலை தெரியாதாம், படகு லேசாகத் தூக்கிப்போட்டதுகூட நினைவில்லை என்றார். திரும்பி வந்தால் தெரு இல்லை. பொண்டாட்டியும் இல்லை, மகளும் இல்லை. சில மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது முதல்முறையாகத் திரும்பத் தொழிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். படகின் முன்பக்கம், அணியத்தில், சூடம் ஏற்றினார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னுமா?" என்று கேட்டுவிட்டேன். "அம்மனைக் கண்டபடி திட்டிட்டுத்தான் சார் ஏத்துறேன். திட்டுறதுக்காவது ஒரு ஆள் வேணாமா?" என்றார்.

அவ்வளவுதான். நான் கோயிலுக்குப் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

இது ஒரு பழக்கம், மனசுக்கு ஒரு வடிகால், இதில் கடவுள் எங்கே வந்தார் என்று நீ சொல்வாய். இருக்கலாம். ஆனால் நமது ஊரில் இதற்கு ஒரு பாரம்பரியமே இருக்கிறது. கண் போன சுந்தரர் இதே ஆரூர்க் கோயிலில் வந்து நின்று, உமக்கு மீளா அடிமையாக இருக்கிறவர்கள் கஷ்டத்தைச் சொன்னால் சும்மா இருக்கிறீரே, "வாழ்ந்து போதீரே" என்று பாடினார். நல்லா இருங்க சாமி, போங்க என்பதுபோல. அதைக் கோயில் ஒளித்து வைக்கவில்லை, ஓதுவார் சன்னிதியிலேயே பாடுகிறார். உடனே நீ, சுந்தரர் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் கண்ணை இழந்தார், என் பேரன் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தான் என்பாய். சரிதான். அந்தக் கதையின் காரணப் பகுதி எனக்கும் உதவாது. திட்டின பகுதி மட்டும் போதும்.

அதற்கும் முன்னால், பத்தாம் வகுப்பில் தமிழய்யா பிரம்பைத் தட்டிக்கொண்டே சொன்ன புறநானூற்றுப் பாட்டு நினைவிருக்கிறதா? பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. இப்படி ஒரு உலகத்தைப் படைத்தவனை "பண்பிலாளன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். படைத்தவன் இல்லை என்று அவர் சொல்லவில்லை. பண்பு கெட்டவன் என்கிறார். கடைசி வரியில் இதன் இயல்பு தெரிந்தவர்கள் இனியதைக் காணுங்கள் என்று முடிக்கிறார். அந்த வயதில் கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. இப்போது முதல் வரியைத் தாண்டவே நேரமாகிறது.

நீ எழுதிய மருந்துகளின் பெயர்களைப் பையனின் கம்ப்யூட்டரில் தேடிப் படித்தேன். கோபப்படாதே, ஆறுதல் சொல்ல இதை எழுதவில்லை, ஆச்சரியப்பட்டதால் எழுதுகிறேன். வாரா வாரம் ஏற்றுகிறார்களே வின்கிரிஸ்டின், அது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. நம்மூரில் சுடுகாட்டு மல்லி என்று வீட்டில் வைக்கமாட்டார்களே, அதே செடி. முதுகில் போடும் மெத்தோட்ரெக்ஸேட்டுக்குப் பின்னால் நமது பக்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லாப்ரகட சுப்பாராவ், ஆந்திரத்துப் பீமவரத்துக்காரர், 1895இல் பிறந்தவர். துறவியாகிவிட நினைத்தவர், அம்மா விடவில்லை. கூடப் பிறந்தவரை ஸ்ப்ரூ என்ற வயிற்று நோய்க்குப் பறிகொடுத்தவர். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போய், வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்தில் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழ்ப்பட்ட பட்டத்தோடு வெளியே வந்தவர். அப்புறம் அமெரிக்கா. அங்கே அவருடைய குழு செய்துகொடுத்த அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. 1948இல் அது வெளியானது. சில மாதம்தான், திரும்ப வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சில மாதமும் எந்தக் குழந்தைக்கும் கிடைத்ததில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் சுப்பாராவ் போய்விட்டார், 53 வயது. அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். இன்றைக்கு நல்ல ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு வந்து மருந்தை முழுசாக முடிக்கிற குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். உன் டாக்டரும் இதையேதான் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய்.

சுடுகாட்டுச் செடிக்குள் மருந்தை வைத்தவன் ஆண்டவன் என்று இதை வைத்து ஒருவர் பிரசங்கம் செய்யலாம். நான் செய்யமாட்டேன். அப்படியானால் அது அங்கே இருக்கிறது என்று சொல்லாமல் இத்தனை நூற்றாண்டு எத்தனை பிள்ளைகளைச் சாகவிட்டான் என்ற கேள்வி உடனே வருகிறது. அந்தப் பதினாறு குழந்தைகளின் தாத்தாக்களுக்கு என்ன சொல்வது?

நேற்று சாயந்திரம் போனேன். கூட்டம் இல்லை. தியாகராஜர் சன்னிதியில் கொஞ்ச நேரம் நின்றேன். உன் பேரன் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்யவில்லை. நீ கேட்டிருந்தால் செய்திருப்பேன், தங்கச்சி கேட்டாலும் செய்வேன். சும்மா நின்று, உன் கடிதத்தில் இருந்த கட்டைவிரல் விஷயத்தை மட்டும் சொன்னேன். "இதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்?" என்று கேட்டேன். குருக்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல.

நீ போகாமல் இருப்பது தப்பே இல்லை, மாப்ளே. தங்கச்சி மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டதை மட்டும் கேலி செய்யாதே. அவள் ஊன்றுகோல் அது.

ரத்தத் தட்டணுக்கள் குறைந்தால் கொடுக்க ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தாய். எனக்கு வயது தாண்டிவிட்டது, எடுக்கமாட்டார்கள். என் பெரியவன் வேளச்சேரியில்தான் இருக்கிறான், ஓ பாசிட்டிவ். எந்நேரம் வேண்டுமானாலும் கூப்பிடு, சொல்லிவைத்திருக்கிறேன். நான் வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் ஏறி சனிக்கிழமை காலை வந்துவிடுவேன். ராத்திரி முறையை இரண்டு நாள் நான் பார்க்கிறேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு. இட்லிப் பொடி வருகிறது. பூவும் பழமும் அவன் அறைக்குள் கூடாது என்றாயே, விபூதிப் பொட்டலமும் கொண்டுவரவில்லை.

போன வாரம் போனில் அவன் என்னைக் கேட்டான், "ஆரூர்த் தாத்தா, உங்க தேர் தொண்ணூத்தாறு அடின்னு தாத்தா சொன்னாங்க. அவ்ளோ பெரிசை எப்படி நிறுத்துவாங்க?" என்று. முட்டுக்கட்டை போட்டு என்றேன். நம்பவில்லை. தேர் வேலை தெரிந்த ஆசாரியிடம் சொல்லி, உள்ளங்கை அளவுக்கு ஒரு முட்டுக்கட்டை செதுக்கச் சொல்லியிருக்கிறேன். வாகை மரம், வார்னிஷ் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டெட்டால் போட்டுத் துடைத்தால் உள்ளே விடுவார்களா என்று நர்ஸம்மாவிடம் கேட்டு எழுது, இல்லை போன் செய்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்